திரியை ஆராய்ந்து தெளிதல்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கைத்தொழிற் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மெழுகுவர்த்தியின் திரியைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சிறு பொருளாகத் தோன்றலாம். வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கக் கருதும் இளைஞர் பலர் இங்கே அமர்ந்துள்ளனர். மெழுகைப் பற்றியும், வண்ணத்தைப் பற்றியும், அச்சைப் பற்றியும் அவர்கள் நிறையக் கேட்கின்றனர். திரியைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த திரியைக் கோத்துவிட்டு, வேலை முடிந்ததென்று எண்ணுகின்றனர். ஆனால் மெழுகுவர்த்தி நன்றாக எரிவதும் எரியாததும் பெரும்பாலும் திரியைப் பொறுத்தவை. எந்த மெழுகுக்கு எந்தத் திரி பொருந்தும் என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். அச்சோதனையை முறையாகச் செய்வது எவ்வாறு, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பதே என் உரையின் பொருள்.

முதலில் மெழுகைத் தெரிந்துகொள்வோம். பனைமெழுகு என்றவுடன் நம் ஊர்ப் பனைமரத்தை நினைத்துவிடக் கூடாது. இது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட எண்ணெய்ப்பனையின் பழத்திலிருந்து கிடைக்கும் எண்ணெயை இறுகச் செய்து பெறுவது. மலேசியத் தமிழர் இம்மரத்தைச் செம்பனை என்பர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் சிலாங்கூரில் உள்ள தென்னமாரத்தில் தொடங்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிச் சென்ற தமிழ்த் தொழிலாளருள் நம் மக்கள் பெருந்தொகையினர். ஆகவே இம்மெழுகு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

இம்மெழுகு ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உருகும். கடினமானது; எளிதில் நொறுங்குவது; ஆறும்போது சுருங்குவது. மிகுந்த சூட்டில் வார்த்து மெல்ல ஆறவிட்டால் மேற்பரப்பில் இறகுபோன்ற படிகக் கோலங்கள் தோன்றும். தாங்கும் கலம் இல்லாமல் தானே நிற்கும் தூண் மெழுகுவர்த்திக்கு இக்கடினத் தன்மை ஏற்றது. ஆனால் சுருங்கும் இயல்பினால் உள்ளே வெற்றிடங்கள் ஏற்படும். இதனை நினைவில் வையுங்கள்; பின்னர் இதற்கு வருவோம்.

இனி, திரி செய்யும் வேலையைக் காண்போம். எரிவது திரி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் எரிவது மெழுகின் ஆவியே. சுடரின் வெப்பம் மெழுகை உருக்குகிறது. உருகிய மெழுகு, திரியின் நூல்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே மேலேறுகிறது. துணியின் ஒரு முனையை நீரில் இட்டால் ஈரம் மேலேறுவதைப் போன்றதே இது. மேலேறிய மெழுகு ஆவியாகி எரிகிறது. இதனைக் கண்ணால் காணவும் முடியும். சுடரை மெல்ல அணையுங்கள். எழுகின்ற வெண்புகையின் அருகே தீக்குச்சியைக் கொண்டு சென்றால், திரியைத் தொடாமலேயே சுடர் மீண்டும் பற்றிக்கொள்ளும்.

ஆகவே திரி, சுடருக்கு உணவை அளந்து ஊட்டும் குழாய். அது குறைவாக ஊட்டினால் சுடர் சோரும். மிகையாக ஊட்டினால் எரியாத கரி புகையாக வெளியேறும்.

பழங்காலத்து முறுக்குத் திரி சுடரின் நடுவே நிமிர்ந்து நிற்கும். அங்கே போதிய காற்று இல்லாமையால் நுனி எரிந்து தீராமல் கருகி நீளும். அதனை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1825-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கம்பாசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னலின் இழுப்பினால் திரியின் நுனி வளைந்து சுடரின் விளிம்புக்கு வருகிறது. அங்கே காற்றுப் பட்டுத் தானே எரிந்து தீர்கிறது. நூலைப் பின்னும் முறையில் செய்த இம்மாற்றம் ஒரு பெருந்தொல்லையைத் தீர்த்தது. இன்று தட்டைப் பின்னல், சதுரப் பின்னல், நடுவே தாளோ பருத்தியோ துத்தநாகமோ வைத்துப் பின்னியது எனப் பலவகைத் திரிகள் கிடைக்கின்றன. முன்னர் ஈயக்கம்பி வைத்த திரிகளும் இருந்தன. ஈயப்புகை குழந்தைகளுக்குக் கேடு விளைவிப்பதால் அமெரிக்கா 2003-ஆம் ஆண்டில் அவற்றைத் தடை செய்தது. உள்ளே கம்பியுள்ள திரியை, அது என்ன உலோகமென்று உறுதியாகத் தெரியாமல் வாங்காதீர்கள்.

இப்பொழுது சோதனைக்கு வருவோம். ஏழரை சென்டிமீட்டர் குறுக்களவும் பத்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள அச்சு ஒன்றுக்கு ஏறக்குறைய 400 கிராம் மெழுகு பிடிக்கும். ஒரே வகைத் திரியில் மெல்லியது, நடுத்தரம், பருமன் என மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மெழுகுவர்த்திகளுக்கும் ஒரே மூட்டை மெழுகு, ஒரே அச்சளவு, ஒரே சூடு, ஒரே இடத்தில் ஆறவிடுதல் என எல்லாம் ஒன்றாக இருத்தல் வேண்டும். திரி மட்டுமே வேறுபட வேண்டும். வண்ணமும் மணமும் முதற்சோதனையில் வேண்டா; அவை திரியின் நுண்வழிகளை அடைத்துக் கணக்கைக் குழப்பும். அவற்றைச் சேர்க்கும்பொழுது மீண்டும் புதிதாகச் சோதிக்க வேண்டும். ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், விளைவு எதனால் வந்ததென்று எவராலும் சொல்ல இயலாது.

மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குங்கள். வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். மெழுகில் தீப்பற்றினால் நீரை ஊற்றவே கூடாது. நீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். மூடியை முன்கூட்டியே அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கூரைவீட்டில் விழும் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

வார்த்த மெழுகின் மேற்பரப்பு ஆடைபோலப் படியும்போது, திரியைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் கம்பியால் துளையிட்டு, சூடான மெழுகை மீண்டும் ஊற்றுங்கள். உள்ளே ஏற்படும் வெற்றிடங்களை இது நிரப்பும். பின்னர் ஒரு முழுநாள் விட்டுவிடுங்கள்.

சோதனை நாளன்று ஒவ்வொன்றையும் நிறுத்து எடையைக் குறியுங்கள். திரியை ஆறு மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரியுங்கள். விசிறிக் காற்றுப் படாத இடத்தில், தட்டுகளின்மேல், ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு ஏற்றுங்கள். மூன்று அல்லது நான்கு மணி நேரம் எரியட்டும். ஒவ்வொரு மணிக்கும் உருகிய குளத்தின் அகலம், சுடரின் உயரம், புகை, திரிநுனியில் கட்டும் கரிக்குமிழ், சுவரின் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். பின்னர் அணைத்து, நன்றாக ஆறிய பின் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். இவ்வாறு மெழுகுவர்த்தி முடியும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

மெல்லிய திரி நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு இறங்கி, இறுதியில் தன் மெழுகிலேயே மூழ்கி அணையும். பருத்த திரியின் சுடர் நீண்டு துடிக்கும், புகையும், சுவரை உருக்கி மெழுகை வெளியே வழியவிடும். பொருத்தமான திரியின் சுடர் அசையாது நிற்கும். குளம் விளிம்புக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளேயே நிற்கும். வெளிச்சுவர் கரையாமல் இருக்கும். சுடர் கீழிறங்க இறங்க அச்சுவரினூடே ஒளி கசிந்து படிகக் கோலங்கள் துலங்கும். பனைமெழுகுத் தூணின் அழகே அதுதான்.

இங்கே இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, முதல் மணி நேரத்தில் தீர்ப்புக் கூறாதீர்கள். முதல் முறை குளம் சிறிதாகவே தோன்றும். சுடர் கீழிறங்கி, சுவர் வெப்பத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும் இரண்டாம், மூன்றாம் முறைகளில் அதே குளம் விரியும். முதலில் சோர்ந்ததாகத் தோன்றிய திரியே இறுதியில் ஏற்றதாக அமைவதுண்டு. முதலில் சுடர்விட்டுப் பாராட்டுப் பெற்ற திரி பாதி வழியில் சுவரை உடைப்பதும் உண்டு.

இரண்டாவது, குறை எங்கே உள்ளதென்று கண்டறியுங்கள். சில வேளைகளில் உருகிய மெழுகு திடீரென மறைந்து, சுடர் உயர்ந்து புகையும். பார்ப்பவர் திரி கெட்டது என்பர். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு வெற்றிடம் இருக்கும். வார்த்தவர் துளையிட்டு நிரப்பாமல் விட்ட இடம் அது. வார்ப்பின் குறைக்குத் திரி பழி சுமக்கிறது. அவ்வாறே பனைமெழுகில் மூழ்கி அணைந்த திரி, வேறொரு மெழுகில் செம்மையாக எரியக்கூடும்.

இளைஞர்களே! நம் பிள்ளைகளைப் பற்றி நாடு வழங்கிய தீர்ப்புகளை இவ்விடத்தில் எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாயில் அடைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளையை, வீடு நிறைய நூல்களோடு வளர்ந்த பிள்ளையின் அருகே நிறுத்தி, முதல் தேர்விலேயே தகுதி இல்லை என்று எழுதினார்கள். மெழுகும் அச்சும் சூடும் ஒன்றாக இல்லாத இடத்தில் நடந்த சோதனை அது. அதைச் சோதனை என்று எந்த அறிவியலாளரும் ஏற்க மாட்டார். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணி, அந்த வெற்றிடங்களை நிரப்பும் பணியே ஆகும். நேர்மையான சோதனைக்கு நாம் அஞ்சியதில்லை. அதைத்தான் கேட்டு வருகிறோம்.

மெழுகுவர்த்தியை வைத்தே அறிவியலின் பெரும்பகுதியைக் கற்பித்தவர் மைக்கேல் பாரடே. 1791-ஆம் ஆண்டில் இலண்டன் அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. நூற்கட்டுநர் ஒருவரிடம் ஏழாண்டுகள் தொழில் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்தார். 1813-இல் ஹம்ப்ரி டேவியிடம் சோதனைக்கூட உதவியாளரானார். டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் மனைவி அவரை வேலையாளாகவே நடத்தினார். அதே பாரடே 1860-61-இல் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன. மின்னாக்கியின் அடிப்படையைக் கண்டறிந்தவரும் அவரே. அவர் பிறப்பை அவருடைய சோதனைகள் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் பனையெண்ணெயில் மெழுகுவர்த்தி செய்த பிரைஸ் நிறுவனத்தின் இலண்டன் ஆலையில், 1840-களின் பிற்பகுதியில் ஐந்தாறு சிறுவர்கள் பகல் வேலை முடிந்தபின் ஒரு பலகைக்குப் பின்னே மறைந்திருந்து எழுதப் பழகினார்கள். கணக்கர் அறையில் கேட்டு வாங்கிய தேய்ந்த பேனாக்களும் துண்டுத் தாள்களுமே அவர்களிடம் இருந்தவை. ஆலையின் பள்ளி அவர்களிடமிருந்தே தொடங்கியது. பிறருக்கு ஒளி செய்த கைகள் தமக்கு எழுத்தைத் தேடிக்கொண்டன. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் ஒற்றை அறை வீட்டில், எல்லோரும் உறங்கும் பின்னிரவில் எழுந்து விளக்கொளியில் படித்ததை நாம் அறிவோம். அந்த ஆலைச் சிறுவர்களின் வேட்கை நமக்குப் புதியதன்று.

முடிவாகச் சில சொற்கள். எரித்துப் பாராத மெழுகுவர்த்தியை எவருக்கும் விற்காதீர்கள். எடைக் கணக்கை வைத்து விலை வையுங்கள். சான்றாக, நான்கு மணி நேரத்தில் 30 கிராம் குறைந்தால் மணிக்கு ஏழரை கிராம்; இதனைக் கொண்டு எத்தனை மணி நேரம் எரியும் என்று வாங்குவோருக்கு மெய்யாகச் சொல்லலாம். எரியாமல் நிற்கும் சுவரின் எடையைக் கழித்துக் கணக்கிட மறவாதீர்கள். ஆளுக்கொரு குறிப்பேடு வைத்து, வென்ற திரியை மட்டுமன்றித் தோற்ற திரியையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகள் அதே திரியில் மீண்டும் காசை இழக்காமல் இருக்க அக்குறிப்பு உதவும். நம் முன்னோரின் கைத்திறனை எழுதி வைக்க அவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. உங்கள் கையில் எழுத்து உண்டு. கையின் அறிவையும் ஏட்டின் அறிவையும் ஒன்றாக்குங்கள்.