பச்சை பிடிக்கும் வரை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேஷ் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படுமா, குறுவைக்குத் தண்ணீர் கடைமடை வரை வந்து சேருமா என்று கவலைப்படும் பூமி நம்முடையது. அதே ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. வயலைப் பற்றிய கவலையைத் தேநீர்க் கடையில் அமர்ந்து வாய்விட்டுப் பேசுகிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கின்ற பிள்ளையின் மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் நமக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று முதல் சில நாட்கள் வெளிறித் தலைசாய்ந்துதான் நிற்கும். அதைக் கண்டு எந்த விவசாயியும் கோபிப்பதில்லை. பச்சை பிடிக்கும் வரை தண்ணீரை அளவாக வைத்துக் காத்திருக்கிறார். ஊர்ப் பள்ளியிலிருந்து நகரத்து மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்து ஏறுகின்ற பிள்ளையும் அவ்வாறு வாடத்தான் செய்யும். அந்தப் பிள்ளையிடம் மட்டும் ஏன் முதல் மாதத் தேர்விலேயே கதிரை எதிர்பார்க்கிறோம்?

நம் மஹல்லாவில் பல வீடுகளில் அத்தா வளைகுடாவிலோ, மலேசியாவிலோ, சிங்கப்பூரிலோ இருக்கிறார். வாரம் ஒருமுறை கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார். ஸலாம் சொன்னவுடன் அடுத்த கேள்வி, “மார்க் எத்தனை?” என்பதுதான். அவரைக் குறை கூறவில்லை. அந்த மதிப்பெண்ணுக்காகத்தான் அவர் அங்கே வெயிலில் நிற்கிறார். ஆயினும், இரவில் உறங்கினாயா, உன் கூட்டாளி யார், பேருந்தில் யாரேனும் தொல்லை தருகிறார்களா என்று கேட்பதற்கு அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்மகன் துணை வேண்டாமா? தாயே அனைத்தையும் சுமப்பது இயலாத காரியம். மாமாவோ, நன்னாவோ, அண்டை வீட்டுப் பெரியவரோ அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல்! “மார்க்கம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்படி எல்லாம் தோன்றாது, ஹஜ்ரத்” என்று என்னிடம் கூறுவோர் உண்டு. இதனை நான் ஏற்கவில்லை. தற்கொலை ஹராம் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும். சர்க்கரை நோய் தொழுகையாளியையும் பிடிப்பது போல மனச்சோர்வும் பிடிக்கிறது. “உனக்கு ஈமான் போதவில்லை” என்று அந்நேரத்தில் சொல்வது, காய்ச்சலில் கிடப்பவனை எழுப்பி அடிப்பதற்கு ஒப்பாகும்.

பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளை ஓதிப் பார்க்க அழைத்து வருகிறீர்கள். ஓதுகிறேன், இனியும் ஓதுவேன். ஆனால் திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை, விளையாட்டையும் சோற்றையும் ஒருசேர வெறுத்த பிள்ளை, தனக்கு அருமையான பொருளைக் காரணமின்றிப் பிறருக்குக் கொடுத்துவிடும் பிள்ளை, “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்று சொல்லும் பிள்ளை ஆகியோரை என்னிடம் மட்டும் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஜின் என்றும் செய்வினை என்றும் மாதங்களைக் கடத்தி, தாயத்துக்குப் பணத்தைச் செலவழித்த பின் மருத்துவரிடம் போவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

ஏர்வாடியை நாம் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி எரிந்தனர். 28 பேர் மாண்டனர். பிற்காலத்தில் அதே ஏர்வாடி தர்ஹாவில் மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்கும்படி அரசு மருத்துவர்களைக் கொண்டு ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை அங்கே போய்ப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு தயக்கம், போலீஸ் வழக்கு பற்றியது. உயிர்விட முயன்று பிழைத்த பிள்ளையை மறைத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அரசு அவருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்கிறது. ஆகவே அஞ்சாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். “சாகத் தோன்றுகிறதா?” என்று பிள்ளையிடம் நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்றும் அஞ்ச வேண்டாம். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. பாரம் இறங்கவே வழி பிறக்கிறது என்பதே மனநல மருத்துவர்களின் கருத்து.

தேர்வு முடிவைப் பற்றி ஒரு சொல். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இலேயே கைவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டது. தவறியவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, ஆண்டு வீணாகாமல் மேலே படிக்கலாம். அரசாங்கமே இவ்வளவு இறங்கி வந்திருக்க, நம் ஆண்டு விழாவில் மட்டும் மூன்று பெயரை ஒலிபெருக்கியில் அழைத்துக் கேடயம் வழங்கி, மற்றவர்களைக் கை தட்ட வைக்கிறோம். பரிசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பைத்துல்மாலின் கல்வி நிதியில் ஒரு பகுதியைத் தவறிய பிள்ளைகளின் துணைத்தேர்வுக் கட்டணத்திற்கும் பயிற்சிக்கும் ஒதுக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளை பேசினால் எப்படிக் கேட்பது? நபி யூசுப் (அலை) தாம் கண்ட கனவைத் தம் தந்தையிடம் சொன்னார்கள். யஃகூப் (அலை) நகைக்கவில்லை; பிறரிடம் சொல்லாதே என்று காத்தார்கள். நம் வீட்டிலோ மகன் இரவில் சொன்ன செய்தி விடிவதற்குள் சின்னம்மா வீட்டுக்குப் போய்விடுகிறது! அதன்பின் அவன் ஏன் வாய் திறப்பான்? வளர்த்த சிறு பறவை இறந்துபோய் வாடியிருந்த அபூ உமைர் என்ற சிறுவரிடம், அப்பறவையைப் பற்றி அன்புடன் விசாரித்தார்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். ஒரு சமுதாயத்தையே நடத்திய தலைவருக்கு ஒரு குழந்தையின் குருவிக்காக நேரம் இருந்தது. நமக்கோ கடையடைக்க நேரமாகிவிடுகிறது.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, எவரேனும் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்றாலோ, மறைக்கலாகாது. நடந்துகொண்டவர் உறவினரானாலும், ஆசிரியரானாலும், ஏன், மக்தபில் ஓதிக் கொடுப்பவரானாலும் சரியே. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்தும் மறைப்பது குற்றம். ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்ளும் விஷயம் அல்ல அது.

இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு 14416. மருத்துவ ஆலோசனைக்கு 104. குழந்தைகளுக்கு 1098. இவற்றைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் மட்டுமன்றி, பிள்ளைகள் தாமே பார்க்கும்படி ஹவ்ளுக்கு அருகிலும் எழுதி வைக்க வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் கடைசி ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா மாடியில் பிள்ளைகளுக்காக அமர உள்ளோம். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் வர இசைந்துள்ளார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்தில் ஆசிரியை ஒருவர் இருப்பார். வருகைப் பதிவேடு கிடையாது. யார் வந்தார், என்ன சொன்னார் என்பது நிர்வாகத்துக்கும் தெரிவிக்கப்படாது. அழைத்து வருகின்ற பெற்றோர் வாசலிலேயே விடைபெற வேண்டும். சாவி முஅத்தினிடம் இருக்கும்.