வேண்டாததை விட்டவர்



நிக்லாவுஸ் விர்த் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். 1934இல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவர். என் தலைமுறையில் பலர் நிரல் எழுதப் பழகிய பாஸ்கல் மொழி அவர் ஆக்கியது.

1960களில் அல்கால் என்ற நிரல் மொழிக்கு வாரிசு தேட ஒரு பன்னாட்டுக் குழு கூடியது. விர்த்தும் கணினி அறிஞர் டோனி ஹோரும் கொடுத்த வரைவு சிறியது, எளியது. குழுவுக்கு அது போதவில்லை. அவர்கள் தேர்ந்த வழியில் பிறந்த அல்கால் 68, புரிந்துகொள்வதற்கே கடினம் என்று பெயர் வாங்கியது. விர்த் 1967இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து தாயகம் திரும்பினார். 1970இல் பாஸ்கல் வந்தது.

அதன் முதல் கம்பைலரை, அதாவது பாஸ்கல் நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் மென்பொருளை, விர்த்தின் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஒட்டுப்போடாமல் அப்படியே தூக்கிப்போட்டார்கள். அடுத்ததைப் பாஸ்கலிலேயே எழுதினார்கள். ஆனால் பாஸ்கலைப் புரிந்துகொள்ளும் கம்பைலர் உலகத்தில் எங்குமே இல்லையே! அதனால் எழுதியதைக் கையாலேயே ஒரு கீழ்நிலை மொழிக்கு மாற்றி இயந்திரத்தில் ஏற்றினார்கள். பிறகு அது தன்னைத்தானே மொழிபெயர்த்துக்கொண்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

தன்னைத்தானே மொழிபெயர்த்த அந்தக் கம்பைலர் தந்த பாடம் விர்த்தை விட்டுப் போகவே இல்லை. யாராவது வேகம் கூட்டும் உத்தியோடு வந்தால், அதைச் சேர்த்த கம்பைலர் தன்னையே மொழிபெயர்க்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பார். உத்தியைச் சேர்த்தால் கம்பைலரும் பருத்துவிடும் அல்லவா? அந்தச் சுமையையும் சுமந்து முன்னைவிடச் சீக்கிரம் முடித்தால் உள்ளே. இல்லாவிட்டால், எவ்வளவு அழகான உத்தியானாலும் வெளியே.

1984இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றார். அதோடு ஓய்ந்துவிடவில்லை. பாஸ்கலுக்குப் பின் தாம் ஆக்கிய மாடுலா-2 மொழியில் தாமே வைத்திருந்த பல வசதிகளைத் தாமே நீக்கி, ஒபரான் என்ற மொழியை உருவாக்கினார். தான் பெற்றதை வெட்டுவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? எண்பதை நெருங்கும் வயதில் அந்த ஒபரானுக்காகச் சின்னதாய் ஒரு செயலியையும் தாமே வடிவமைத்து, மொத்த அமைப்பையும் அதில் ஓடவைத்தார். 2024 ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

மாணவர்களே, நாளை வேலைக்குச் சேருமிடத்தில், யார் யாரோ எழுதிய லட்சக்கணக்கான வரிகளை உங்களிடம் ஒப்படைப்பார்கள். உங்கள் வரியைச் சேர்க்கும் முன், எந்த வரியை எடுக்கலாம் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்படி எடுத்து எடுத்து விர்த் ஆக்கிய ஒபரான் மொழியின் முழு வரையறையும் 16 பக்கம்தான். ஒரு மாலைப்பொழுது போதும். படியுங்கள்.