மரத்தின் பெயர் மனுஷிக்கு ஆகாதா?

(ஒரு பெயரிடு விழாவில் பேசியது)



இக்குழந்தைக்கு அதன் பாட்டியாரின் பெயராகிய வேம்பு என்பதையே வைக்கவேண்டுமென்று பெற்றோர் விரும்ப, உறவினரில் பெரியவர் ஒருவர், "வேம்பு மரத்துக்குப் பெயரேயொழிய மனுஷிக்குப் பெயராகுமா? நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான்?" என்று கேட்டாராம். அவரும் இங்கேதான் இருக்கிறார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவே எழுந்தேன்.

மனுதர்ம சாஸ்திரம் 3-ம் அத்தியாயம் 9-ம் சுலோகத்தை எடுத்துப் பாருங்கள். நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு இவைகளின் பெயரையுடைய பெண்ணையும், தாழ்ந்த ஜாதிப் பெயர், அடிமைப் பெயர், பயங்கரமான பெயர் உடைய பெண்ணையும் கட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறது. மரத்தை யார் யாரோடு நிறுத்தியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? அன்றியும், பெண்ணுக்கு மரத்தின் பெயர் வைக்கும் வழக்கமே இல்லாதிருந்தால் இந்தத் தடைக்கு என்ன அவசியம்? ஆகவே அக்காலத்திலேயே அவ்வழக்கம் இருந்ததென்பதற்கு அந்தச் சுலோகமே சாட்சி.

சரி, அதை மதிக்கிறவர்களாவது அதன்படி நடக்கிறார்களா? ரோகிணியும் ரேவதியும் நட்சத்திரம், கங்காவும் காவேரியும் ஆறு, துளசி செடி. இந்தப் பெண்களுக்கெல்லாம் கல்யாணம் நின்றுபோயிற்றா? ஆண்களுக்கோ தடையே இல்லை. வேம்பு அய்யர் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் பெயரிலும், 1801-ல் வெள்ளையர் தூக்கிலிட்ட மருது சகோதரர்கள் பெயரிலும் இருப்பது மருத மரந்தானே!

என் தமக்கைக்கு வீட்டில் வைத்த பெயர் தாமரை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது உபாத்தியாயர், "இது பூவல்லவா? பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, ரிஜிஸ்தரில் கமலா என்று அவராகவே எழுதிக்கொண்டார். கமலம் என்றால் என்ன? அதே தாமரைதான்! பங்கஜம், அம்புஜம், சரோஜா, பத்மா எல்லாம் அதே குளத்துத் தாமரைதான். வடமொழியில் சொன்னால் பெயராம், தமிழில் சொன்னால் பூவாம்! நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் ஆறு வயதுப் பெண், கமலா என்று கூப்பிட்டது தன்னைத்தான் என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்ததற்காக அடி வாங்கினாள். சாகும்வரை அவள் கையெழுத்தில் கமலா. எங்கள் தாயார் வாயில் தாமரை.

சர்க்கார் தடையும் கிடையாது. 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் மரம், செடியின் பெயர் கூடாதென்று ஒரு வரிகூட இல்லை.

இனி, எவன் கட்டிக்கொள்வான் என்ற கேள்வி. பெயரைக் கேட்டு வேண்டாமென்று போகிறவன் போகட்டும், பெண்ணுக்கு நஷ்டமொன்றுமில்லை. இதோ, பாட்டியார் வேம்பு அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒருவர் கட்டிக்கொண்டதால்தானே நாம் இன்றைக்கு இந்தப் பந்தலில் கூடியிருக்கிறோம்!

குழந்தையை இப்படிக் கொடுங்கள். வேம்பு என்று பெயரிடுகிறேன்.