நம் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கு நாமே விலை கொடுப்பதா?

(கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



விஞ்ஞானி ஆராய்ச்சி செய்கிறார். சம்பளமும் கருவிகளும் பெரும்பாலும் சர்க்கார் பணம், அதாவது மக்களின் வரிப்பணம். முடிவை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார், கூலி கிடையாது. அதைப் பரிசீலித்துக் குற்றம் குறை சொல்லும் மற்ற விஞ்ஞானிகளுக்கும் அநேகமாகக் காலணாக்கூட இல்லை. அச்சேறியதும் உரிமை யாருக்கு? பதிப்பக முதலாளிக்கு! எல்சேவியரை நடத்தும் ரெலெக்ஸ் கம்பெனியின் விஞ்ஞானப் பதிப்புப் பிரிவு, 2024ல் 100 ரூபாய் வரவுக்குச் சுமார் 38 ரூபாய் லாபம் கண்டது. பஞ்சும் இனாம், நெசவும் இனாம் என்ற ஆலையை எந்த மில் முதலாளியாவது கனவில் கண்டதுண்டா?

இந்தப் பத்திரிகைகளைப் படிப்பதற்காக, ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்று 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை இந்திய சர்க்கார் ஒதுக்கியது. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 பத்திரிகைகள். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவனுக்கும் இவை எட்டும், அது நல்லதே. ஆனால் முதல் கட்டம் சர்க்கார் நிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியார் கல்லூரி மாணவனும், சிறு ஆஸ்பத்திரி டாக்டரும் வாசலிலேயே நிற்கிறார்கள். சந்தா முடிந்தால்? மறுபடியும் பேரம்தான்!

பிரேஸிலில் 1997ல் தொடங்கிய சையெலோ பெரிதும் பொதுப்பணத்தில் நடக்கிறது. படிக்க யாருக்கும் கட்டணமில்லை. அந்த 6,000 கோடியில் ஒரு பங்கு நம் பல்கலைக்கழகப் பத்திரிகைகளுக்கு ஏன் வரக்கூடாது? அடுத்த பேரம் முடியுமுன் ஆசிரியர் சங்கங்கள் இதைக் கேட்டாகவேண்டும்.