காட்சிக்கூடமும் கல்விக்கூடமே

  

ஆண்டிற்கொரு முறை பள்ளிப் பிள்ளைகளை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. பேருந்தினின்று இறங்கிய பிள்ளைகள் இருவர் இருவராய்க் கைகோத்து நுழைகின்றனர். "தொடாதே! நில்லாதே! பேசாதே!" என்னும் மூன்று கட்டளைகளுக்கிடையில் மூவாயிரம் ஆண்டுகளை ஒரு மணிப் பொழுதிற் கடக்கின்றனர். பின்னர்க் கட்டுச்சோறு உண்டு, கடற்கரை கண்டு, வீடு திரும்புகின்றனர். "என்ன கண்டாய்?" என்று தாய் வினவினால், "திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கண்டேன்" என்பதே பிள்ளையின் விடை. பிள்ளைமேற் குற்றமில்லை. காட்டினார்கள், கற்பிக்கவில்லை.

அருங்காட்சியகம் ஆண்டிற்கொரு நாள் உலாவிவரும் இடமா? அன்றிப் பாடவேளைப் பட்டியலில் இடம்பெற வேண்டிய வகுப்பறையா? இவ்வினாவிற்கு உலகம் நூறாண்டுகட்கு முன்னரே விடை கண்டது. 1899-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் புரூக்குலின் பகுதியில், பிள்ளைகளுக்கெனவே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது.

முதல் உலகப்போர்க் காலத்தில் (1914–1918) இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரிற் பள்ளிக் கட்டடங்கள் பல, புண்பட்ட படைமறவர்க்கு மருத்துவமனைகளாயின. அந்நகரத்தார் பிள்ளைகளை வாளா வீட்டில் இருத்திவிடவில்லை. அருங்காட்சியகத்திலேயே முறைவைத்து வகுப்பு நடத்தினர். பண்டை எகிப்தின் பொருள்கள் வரலாற்றுப் பாடமாயின; விலங்கும் பறவையும் இயற்கைப் பாடமாயின. இடர்க்கு மாற்றாகத் தொடங்கிய அம்முறை, போர் ஓய்ந்த பின்னரும் ஓயவில்லை. பள்ளியிழந்த நாளில் அந்நகரம் கண்ட உண்மையைப் பள்ளியுள்ள நாளில் தமிழ்நாடு காணலாகாதா?

"அது செல்வ நாட்டார் செயல்; ஏழைநாட்டிற்கு ஏலாது" என்பாரும் உளர். போபால் நகரில் 2005-ஆம் ஆண்டு முதல் குடிசைப்பகுதிப் பிள்ளைகளை வண்டியில் அழைத்துவந்து, அங்குள்ள அருங்காட்சியகங்களையே பள்ளியாக்கிக் கற்பித்தனர். கட்டடம் எழுப்பப் பொருளில்லையே என்று கைகட்டி நின்றாரல்லர். முன்னரே எழுந்து நிற்கும் கட்டடங்களைப் பயன்கொண்டனர். தடையாவது பொருளன்று, உள்ளமே என்பது இதனாற் புலனாகும்.

இனி, தமிழ்மண்ணிற் கிடைத்த ஒரு பானையோட்டை எடுத்துக்கொள்க. கீழடியை அடுத்த கொந்தகையில் 2023 மார்ச்சு 5-ஆம் நாள் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. கீழடி அகழாய்விற் கிடைத்த கறுப்புச் சிவப்பு ஓடுகளின் முன்னே ஒரு வகுப்பை அமர்த்துவோமெனில், அங்கு எத்துணைப் பாடங்கள் விரியும்!

"இவ்வோடு உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் இருப்பதேன்?" என்று ஆசிரியர் வினவுவார். கலத்தைக் கவிழ்த்துச் சுடுங்கால், வளி புகாத உட்புறமும் வாய்ப்புறமும் கறுக்கின்றன. வளி படும் வெளிப்புறத்தில் களிமண்ணிலுள்ள இரும்பு உயிர்வளியொடு கூடிச் சிவக்கின்றது. இது வேதியற் பாடம். இவ்வூரின் தொன்மையை எங்ஙனம் அறிந்தனர்? அகழ்குழியிற் கிடைத்த கரிமக் கூற்றைக் கணித்து, அது கி.மு. 6-ஆம் நூற்றாண்டினது எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் அறிக்கை வெளியிட்டது. இது கணக்கும் இயற்பியலும் கூடிய பாடம். ஓட்டின்மேற் கீறியுள்ள தமிழி எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'ஆதன்' என்னும் பெயர் வரும். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்துக்குரிய சேர வேந்தன் செல்வக் கடுங்கோ வாழியாதன் அல்லனோ? வேந்தன் பெயரில் விளங்கும் அதே சொல், வீட்டுப் பானையிலும் விளங்குகின்றது. செய்யுட் பகுதியில் உருப்போட்ட பெயரை ஓட்டின்மேற் கண்ட பிள்ளை, அதனைச் சாகுமட்டும் மறக்குமா?

1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகமும் இத்தகைய ஒரு பெரும்பள்ளியே. 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் இராபர்ட்டு புரூசு பூட் கண்டெடுத்த கற்கோடரி, இந்நிலத்தின் பழங்கற்கால வரலாற்றிற்கே வாயில் திறந்தது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் அவ்வருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. பாடநூலில் ஈரடியில் முடியும் செய்திகள், அங்கு ஒரு திங்கள் பயிலத்தக்க பாடங்களாய் நிற்கின்றன.

அவையோரே! தமிழின் தொன்மையை மேடைதோறும் முழங்கியாயிற்று. கைதட்டலும் பெற்றாயிற்று. ஆயின், "சான்று யாது?" என்று அயலான் ஒருவன் கேட்கும்போது தமிழ்ப்பிள்ளை விழிப்பதேன்? முழக்கத்தைக் கேட்டதேயன்றி அது சான்றைக் கண்டதில்லை. ஓட்டைப் பார்த்து வரைந்த கையும், எழுத்தைக் கூட்டிப் படித்த நாவும் உடைய பிள்ளை எவர் பழிப்பிற்கும் அஞ்சாது, பொய்ப்பெருமையும் பேசாது. எது மெய்ப்பிக்கப்பட்டது, எது இன்னும் ஆய்விலுள்ளது என்று பிரித்தறியும். அவ்வறிவே மொழிக்காவல். சான்றின்றிப் பேசும் பெருமை, மாற்றான் கையிற் கொடுத்த வாளாகும்.

ஆகலின், செய்ய வேண்டுவன மூன்று. அருகில் அருங்காட்சியகமுள்ள பள்ளி ஒவ்வொன்றும் திங்களுக்கு ஒரு வகுப்பேனும் அங்கு நடத்துக. ஒரு வகுப்பிற்கு ஒரு பொருளே போதும். ஆசிரியர் முன்னரே சென்று பயின்று, பிள்ளைகட்கு வினாக்களைத் தொகுத்துச் செல்க. விளக்கம் முழுதும் பிள்ளைக்குப் புரியும் நல்ல தமிழில் அமைக. தாழியைத் தாழியென்றும் நடுகல்லை நடுகல்லென்றும் பெயர்சுட்டிக் காட்டுக. அருங்காட்சியகம் தொலைவிலுள்ள சிற்றூர்க்கோ, ஊர்க்கோயிற் கல்வெட்டும் ஏரிக்கரை நடுகல்லுமே காட்சிக்கூடம்.

"தேர்வு கெடுமே" எனப் பெற்றோர் அஞ்சற்க. கண்ணாற் கண்டதை எழுதும் பிள்ளை, உருப்போட்டதை எழுதும் பிள்ளைக்குப் பின்தங்காது.

முன்னோர் மண்ணுள் வைத்துச் சென்ற ஏடுகள் வெளிவந்துவிட்டன. அவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைத்தல் பாதி வேலையே. பிள்ளைகளை அவற்றின்முன் அமர்த்திப் படிப்பித்தலே மீதி வேலை. அவ்வேலை தமிழாசிரியர் கையில் உள்ளது. அடுத்த திங்களே தொடங்குக!