கணக்கு ஊர் மாறும்போது



நாமக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில் லாரித் தொழில் நடத்துவோரின் வழக்கம் ஒன்று உண்டு. வண்டி புறப்படும்போது மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். திரும்பியதும் மீண்டும் குறிக்கிறார்கள். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் ஓடிய தூரம் கிடைக்கிறது. டீசல் செலவும் டிரைவரின் படியும் அதை வைத்தே தீர்க்கப்படுகின்றன. இந்த வழக்கத்தை நினைவில் இருத்திக்கொண்டால், இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அயலானதாகத் தோன்றாது. ஒரு பெருங்கணிப்பொறியின் இயக்க அமைப்பு எழுதிய கணக்கை வேறோர் இயக்க அமைப்புக்கு எடுத்துச் செல்வது பற்றியே நான் பேசப்போகிறேன்.

பெருங்கணிப்பொறி என்பது ஒருவருக்கென்றே அமைந்த பொறியன்று. பல துறைகளின் வேலைகளை ஒரே வேளையில் செய்வது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 பொறி அத்தகையது. பலர் கூடிப் புழங்கும் பொருளுக்குக் கணக்கு வேண்டுமல்லவா? யார், எப்போது, எத்தனை வினாடி பயன்படுத்தினார் என்பதைப் பொறியே எழுதிவைக்கிறது. இது கணக்குப் பதிவு. பொறியின் நினைவகம் நிரம்பியிருக்கிறதா, வட்டுகள் தாமதிக்கின்றனவா என்று நாடி பிடித்துப் பார்த்து எழுதுவது கண்காணிப்புப் பதிவு. முன்னதைக் கொண்டு கட்டணம் வசூலிக்கிறார்கள். பின்னதைக் கொண்டு புதிய பொறி வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

ஐ.பி.எம். நிறுவனம் 1972-இல் வி.எம். என்ற இயக்க அமைப்பையும், 1974-இல் எம்.வி.எஸ். என்பதையும் வெளியிட்டது. இவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் உலகின் பல பெரிய வங்கிகளில் இயங்குகின்றன. ஒரே நிறுவனத்தில் இரண்டும் இருந்தால், இரண்டின் கணக்கையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இத்தகைய சிக்கல் சேலத்து மண்ணுக்குப் புதியதன்று. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், மன்றோ முதலிய அவருடைய உதவியாளர்களும் நிலங்களை அளந்து வரித்திட்டம் வகுக்க முனைந்தனர். பழைய ஊர்க் கணக்கின் எண்ணை அப்படியே புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினால் போதுமா? அந்த எண் எந்த அளவுகோலால், எந்த நாணயத்தால் எண்ணப்பட்டது என்று தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் குடியானவன் தலையில் தவறான வரி விழும். பொறியின் கணக்குக்கும் இதே விதிதான்.

முதலில் அளவைப் பார்ப்போம். வி.எம். தன் கணக்குப் பதிவில் பொறியின் உழைப்பை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதிற்று, எம்.வி.எஸ். நூறில் ஒரு பங்காக எழுதிற்று. பத்தால் வகுத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால், 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. மாற்று அட்டவணையிலோ ஓர் அணாவுக்கு ஆறு பைசாதான். பதினாறு அணாவைத் தனித்தனியே மாற்றிக் கூட்டினால் 96 பைசா. முதலில் கூட்டிப் பிறகு மாற்றினால் 100 பைசா. அவ்வாறே, வினாடியின் ஆயிரத்தில் நான்கு பங்கு நேரமே எடுத்த சிறு வேலைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொன்றும் சுழியமாகிவிடும். அத்தகைய வேலை ஆயிரம் சேர்ந்தால் நான்கு வினாடி மாயமாகும். அந்தச் செலவை வேறு யாரோ சுமக்க நேரும். ஆகவே கூட்டிய பின்பே மாற்ற வேண்டும்.

அடுத்தது எழுத்துக் குறியீடு. இவ்விரு அமைப்புகளும் எப்சிடிக் என்ற ஒரே குறியீட்டைக் கையாள்கின்றன. ஆனால் பதிவுகள் ஆஸ்கி குறியீடுள்ள வேறொரு பொறியின் வழியே செல்ல நேர்ந்தால் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்துக்கு எப்சிடிக்கில் 193, ஆஸ்கியில் 65. இடையிலுள்ள பொறி எல்லாவற்றையும் எழுத்தென்றே கருதி மொழிமாற்றினால், பெயர் சரியாக வந்துசேரும். 193 என்று இருந்த கணக்கோ 65 ஆகிவிடும். பதிவு பார்வைக்குச் செம்மையாகவே இருக்கும். அதனால்தான் இந்தப் பிழை மிகவும் பொல்லாதது. பதிவை மொழிமாற்றாமல் உள்ளது உள்ளபடியே கொண்டுசெல்வதே இதற்கு மருந்து.

மூன்றாவது தேதி. நாமக்கல் தனி மாவட்டமான 1997 ஜனவரி 1-ஐ, வி.எம். மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் எழுதும். எம்.வி.எஸ். ஆண்டையும், அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் எழுதும். நேரத்தையோ நள்ளிரவிலிருந்து எண்ணும். நள்ளிரவுக்கு முன் தொடங்கிப் பின்னர் முடிந்த வேலைக்கு நேரத்தை மட்டும் கழித்தால், முடிவு தொடக்கத்துக்கு முந்திவிடும்! தேதியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நான்காவதுதான் லாரி மீட்டர். வி.எம். கண்காணிப்புப் பதிவின் பல எண்கள் பொறி இயங்கத் தொடங்கியது முதல் ஏறிக்கொண்டே போகும் கூட்டுத்தொகைகள். அடுத்தடுத்த இரண்டு பதிவுகளைக் கழித்தால்தான் இடைப்பட்ட நேரத்தின் உழைப்பு தெரியும். மீட்டரை மாற்றிய லாரியைப் போல, பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் எண் சுழியத்துக்கு வந்துவிடும். அந்த இடத்தை அறியாமல் கழித்தால் விடை அபத்தமாகும்.

இன்னும் ஒன்று. எம்.வி.எஸ். அமைப்பையே வி.எம்.-மின் உள்ளே விருந்தினராக இயக்குவதும் உண்டு. குமாரபாளையத்து விசைத்தறிக் கூடம் ஒன்றில் தாய் மீட்டரும், தறிக்காரர் ஒவ்வொருவருக்கும் கிளை மீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டி மின்சாரக் கணக்குச் சொல்வார் உண்டோ? விருந்தினர் எழுதிய கணக்கையும், விருந்தினருக்காக வீட்டார் எழுதிய கணக்கையும் கூட்டினால், ஒரே உழைப்பு இருமுறை எண்ணப்படும். பொறி போதவில்லை என்ற பொய்த் தோற்றம் எழும். தேவையில்லாத பொறிக்குப் பெரும்பணம் செலவாகும்.

இந்தப் பணியில் ஈடுபடும் இளைஞர்களுக்கு நான் சொல்வது மூன்று. மூலப் பதிவை மாற்றாமல் பாதுகாத்து வையுங்கள். இரு பக்கமும் பதிவுகளின் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். ஒவ்வோர் எண்ணும் எந்த அளவில் உள்ளது என்பதைப் பதிவோடு சேர்த்தே எழுதி அனுப்புங்கள். பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரு மாதமேனும் அருகருகே நடக்கட்டும். இரண்டும் ஒத்துவந்த பிறகு, புதியதை நம்பிக் கட்டணச் சீட்டு எழுதலாம். அதைப் பெறுபவரும் முகம் கோணாமல் பணம் செலுத்துவார்.