சோஷோஜி விகாரையும் ஹிரோசாக்கியின் ஊர் வரலாறும்



ஜப்பானின் வடபகுதியில், அவோமோரி மாநிலத்தில் அமைந்த ஹிரோசாக்கி, குறுநில மன்னரின் கோட்டையைச் சுற்றி வகுக்கப்பட்ட நகரமாகும். அந்நகரின் சோஷோஜி விகாரையைப் பொருளாகக் கொண்டு கூடியுள்ள இம்மாநாடு, விகாரையின் வரலாற்றைக் கட்டடக் கலையோடு நிறுத்திவிடாமல் ஊர் மக்களின் வரலாறாகவும் ஆராய வேண்டும் என்னும் கொள்கையை முன்வைக்கிறது.

சோஷோஜி, ஜப்பானில் 13-ஆம் நூற்றாண்டில் தோகென் துறவி நிலைநாட்டிய சோத்தோ என்னும் ஜென் பிரிவைச் சேர்ந்தது. ஹிரோசாக்கியை ஆண்ட சுகாரு மன்னர்களின் முன்னோரான ஓவுரா மொரினோபு தம் தந்தையின் நினைவாக 1528-இல் தானேசாத்தோ என்னும் ஊரில் எழுப்பிய இவ்விகாரை, இரண்டாம் மன்னர் நோபுஹிரா 1611-இல் கோட்டையை நிறைவுசெய்த காலத்தையொட்டி ஹிரோசாக்கிக்கு மாற்றப்பட்டது. கோட்டைக்குத் தென்மேற்கே உள்ள மேட்டுநிலத்தில் சோத்தோ விகாரைகள் பல ஒருங்கே குடியமர்த்தப்பட்டன. இன்றும் அங்கு 33 விகாரைகள் நிரையாக நிற்க, தெருவின் முடிவில் சோஷோஜி தலைமை விகாரையாக விளங்குகிறது. தெருவின் முகப்பில் மண்ணரண் எழுப்பப்பட்டிருப்பதால், இவ்வமைப்பு கோட்டையின் புறக்காவலாகவும் கருதப்பட்டது தெளிவு. இதைப் பக்தியின் விளைவு என்று மட்டுமோ போர்ச் சூழ்ச்சி என்று மட்டுமோ கொள்வது குறைபட்ட பார்வையாகும்.

1627-இல் இடிவிழுந்து கோட்டையின் ஐந்தடுக்கு மாடம் எரிந்தது; அதற்கு ஈராண்டுகளுக்குப் பின், 1629-இல், விகாரையின் பெருவாயில் எழுந்தது. அங்குள்ள, 1306-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட வெண்கல மணியோ விகாரையைவிட இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் மூத்தது.

எனினும் ஆய்வாளர் மிகுதியாகக் கவனிக்க வேண்டியது இறந்தோர் பதிவேடுகளையே. அன்று ஜப்பானை ஆண்டு, கிறித்தவத்தைத் தடைசெய்த தொகுகாவா ஆட்சி, ஒவ்வொரு குடும்பமும் ஒரு விகாரையைச் சார்ந்திருப்பதாகச் சான்று பெற வேண்டும் என்று விதித்ததனால், விகாரைகளே குடிமக்கள் கணக்கின் காப்பாளர்களாயின. மறைந்தவருக்குத் துறவியர் சூட்டும் பெயரும் அவர் இறந்த நாளும் அவ்வேடுகளில் பதிவாயின. 1780-களில் நேர்ந்த தென்மேய் பஞ்சத்தில் சுகாரு நாட்டில் 80,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கூறப்படுகிறது. அத்தகைய பேரழிவைக் குடும்பம் குடும்பமாக அறிய இவ்வேடுகள் பேருதவியாகும். ஆயினும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு இழிவான பெயர்கள் சூட்டப்பட்டமையும், திருமணத்துக்கும் வேலைக்கும் பிறப்பைத் துருவ அவ்வேடுகள் பயன்பட்டமையும் வெளிப்பட்டதால், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோத்தோ சபை அவற்றைப் பிறர் பார்வையிடத் தடைவிதித்தது. அத்தடை நேர்மையானது, வரலாற்றறிவின் பெயரால் அதை மீறுதல் தகாது.

இந்நிலையில், 1661 முதல் 1868 வரை ஹிரோசாக்கி அரசு எழுதிவைத்த அலுவலக நாட்குறிப்புகளைக் கல்லறை எழுத்துகளோடும் விகாரைத் தெருவின் அமைப்போடும் இணைத்து ஆராய்வதே செய்யத்தக்க பணியாகும். மாநாட்டின் முதல் அமர்வு இப்பணிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது.